எழுந்து நின்றால் ஆடும் கை

நோயாளி 57 வயது ஆண், தையல்காரர், வலது கைப் பழக்கம் உள்ளவர். கொங்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறார். சர்க்கரை நோய் 14 வருடம், ரத்த அழுத்தம் 8 வருடம், பீடி இளவயதிலிருந்து. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்; ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"கை தானா ஆடுதுங்க சார். நான் ஆட்டலீங்க."

முதல் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான். மீதியைச் சொன்னவர் அவருடைய மனைவி. தையல் மெஷினிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தால் துணி வெட்டும் மேசை. அங்கே போய்க் கத்தரியை எடுப்பதற்குள் வலது கை உதற ஆரம்பித்துவிடும். ஒருமுறை கத்தரி காலில் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது. "அப்படியே ஸ்டூல்ல உக்கார வெச்சா நின்னுருமுங்க. அதுக்குன்னே மேசைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டிருக்கேனுங்க" என்றார் அந்த அம்மா. ஐந்து மாதமாக மருத்துவர்கள் கண்டுபிடிக்காததை அந்த ஸ்டூல் கண்டுபிடித்திருந்தது.

ஐந்து மாதமும் அவருக்கு வலிப்பு நோய் என்றுதான் பெயர். முன்பு பார்த்த மருத்துவமனையில் தலை சி.டி. ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுத்து, இரண்டும் இயல்பு என்று எழுதியிருந்தார்கள். வலிப்பு மருந்தான லெவெடிரசெட்டாம் தொடங்கி, அளவைக் கூட்டி, கேட்காமல் போகவே பெனிடாயினும் சேர்த்திருந்தார்கள். இடையில் ரத்த அழுத்தம் 160/100 இருந்ததால் ஆம்லோடிபின் 5 மி.கி. 10 ஆனது; டெல்மிசார்ட்டனும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை ஆடிய கை தினமும் இரண்டு மூன்று முறை ஆடியது. வலிப்பு முற்றுகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது.

மாத்திரைகளை எல்லாம் மேசைமேல் கொட்டச் சொல்வது என் வழக்கம். சீட்டில் இல்லாத ஒன்று எப்படியும் பையில் இருக்கும். இவர் பையிலும் இருந்தது: இரவில் சிறுநீர் போக அடிக்கடி எழுகிறார் என்று வேறொருவர் கொடுத்த தாம்சுலோசின். புரோஸ்டேட்டுக்கு நல்ல மருந்துதான். ஆனால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடக்கூடியது. "அது மூத்திர மாத்திரைதானுங்களே, அதையும் சொல்லணுமுங்களா?" என்று கேட்டார்.

மகன் செல்போனில் எடுத்த வீடியோ 48 வினாடி ஓடுகிறது. ஈரத் துணியை உதறுவதுபோல வலது முன்கை ஆடுகிறது. தாளம் சீராக இல்லை. வினாடிக்கு மூன்று நான்கு முறை இருக்கலாம். முகம் கோணவில்லை. ஆட்டம் விரலில் தொடங்கித் தோள், முகம் என்று ஏறவும் இல்லை; அசைவுகளை ஆளும் மூளை மேற்பகுதியான இயக்கப் புறணியில் எழும் வலிப்பு பல நேரம் அப்படி ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை ஆடிக்கொண்டிருக்கும்போதே "வீடியோவை நிறுத்துடா, அம்மாவைக் கூப்பிடு" என்று தெளிவாகப் பேசுகிறார்.

படுக்கவைத்து அளந்தபோது ரத்த அழுத்தம் 142/84. நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் 112/70. மூன்றாம் நிமிட அளவுக்குக் காத்திருக்க முடியவில்லை. அதற்குள் கை ஆடத் தொடங்கிவிட்டது. உட்கார வைத்தோம், அரை நிமிடத்தில் நின்றது. நின்றபிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னேன். பத்து வினாடியில் இடது கை 41 தட்டு, வலது கை 28. முப்பது வருடம் ஊசி பிடித்த வலது கை இடது கையிடம் தோற்றது. அரை மணி நேரம் படுத்திருந்த பிறகு அதே வலது கை 40 தட்டியது. புண் ஆறுவதற்கு அரை மணி நேரம் போதாது. ஆகவே வலது கையை ஆளும் இடது மூளையின் கைப்பகுதி சாகவில்லை, பட்டினி கிடக்கிறது என்று தோன்றியது.

இப்படி ஒரு நிலை இருப்பது புதிய செய்தி அல்ல. கழுத்துத் தமனி அடைப்பில் கைகால் உதறல் வருவதை நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1962லேயே எழுதியிருக்கிறார். அறுபது வருடத்துக்கு மேலாகியும் இது வலிப்பாகவே நம் கண்ணில் படுகிறது. உதறுகிற கையைக் கண்டால் 'ஃபிட்ஸ்' என்ற சொல் கேட்காமலே வாயில் வந்துவிடுகிறது. பக்கவாதம் என்றால் கை விழ வேண்டும், ஆடக் கூடாது என்பது மருத்துவர்களான எங்களுக்கும் ஊறிப்போன நம்பிக்கை.

மறுநாள் இ.இ.ஜி. மின்முனைகளைப் பொருத்தியபடியே அவரை எழுப்பி நிறுத்தினோம். கை ஆடியது. ஆடும் நேரத்தில் இடது முன், நடுப் பகுதிகளில் மெதுவான அலைகள் பெருகின. வலிப்புக்குரிய கூர்முனை ஒன்றுகூட இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இடது அரைக்கோளத்தின் உள் வெண்பொருளில் முன்னிருந்து பின்னாக, நூலில் கோத்த மணிபோல, நான்கைந்து சிறிய திசு இறப்புப் புள்ளிகள். கழுத்துத் தமனிகளை ஒலியலையால் பார்க்கும் டாப்ளரில் பெரிய குறையில்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் விஷயம் கை நழுவியிருக்கும், ஏனென்றால் குறுகல் கழுத்தில் இல்லை, மண்டையோட்டுக்குள் இருந்தது. ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவில் இடது நடு மூளைத் தமனியின் முதல் துண்டு ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. சுமார் 85 சதவீதக் குறுகல். மேலை நாட்டவரோடு ஒப்பிட்டால் ஆசியர்களிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகள் குறுகுவது அதிகம். கழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது நம் ஊரில் ஆபத்து.

தமனி குறுகியதும் ரத்தம் குறைந்துவிடாது. பாதி குறுகும்வரை ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது. குறுகல் 70 சதவீதம் வாக்கில் போகும்போதுதான் அதற்கு அப்பாலுள்ள அழுத்தம் விழுகிறது. அப்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. கீழேயுள்ள நுண்தமனிகளை அகலமாகத் திறந்து, கிடைக்கும் அழுத்தத்திலேயே போதிய ரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் என்பது இயல்பு. 20க்குக் கீழே போனால் நரம்பணுக்களின் மின்செயல் தடுமாறுகிறது. 10ஐ ஒட்டி இறங்கினால் அணு சாகத் தொடங்குகிறது. நுண்தமனிகள் முழுக்க விரிந்த பிறகும் போதவில்லையென்றால், வருகிற ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைப் பிழிந்து எடுத்துக்கொள்கிறது. அதுதான் கடைசிக் கையிருப்பு.

இதை அவரிடம் விளக்கத் திணறிக்கொண்டிருந்தபோது அவரே முடித்துக்கொடுத்தார். "அப்ப கடைமடைக்குத் தண்ணி பத்தலைன்னு சொல்றீங்க. மேல மதகெல்லாம் தொறந்து வெச்சும் பத்தலை." வாய்க்கால் பாசன ஊர்க்காரர், பாடம் எளிதாகிவிட்டது. அந்த மணிக்கோவைப் புள்ளிகள் இருந்த இடம் மூளையின் கடைமடைதான்: ஒரு தமனிக் கிளையின் நீர் முடிந்து இன்னொன்றின் நீர் வந்து சேரும் எல்லை. மதகு ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கையில் அணையில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது கடைமடை. இவருடைய அணைமட்டம் ரத்த அழுத்தம். அதை மூன்று மாத்திரைகள் சேர்ந்து இறக்கிக்கொண்டிருந்தன; எழுந்து நிற்பது மிச்சத்தை இறக்கியது.

எங்களைக் குழப்பிய படம் இதற்குப் பிறகு வந்தது.

வேலை செய்யும் மூளைப் பகுதியை வண்ணமாகக் காட்டும் செயல்சார் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சிகிச்சைக்கென்று கட்டாயம் எதுவும் இல்லை. அவரும் சம்மதித்தார், எங்களுக்கும் ஆர்வம். படுத்தபடியே 20 வினாடி விரல் தட்ட வேண்டும், 20 வினாடி ஓய்வு, மறுபடி தட்ட வேண்டும். படுத்திருந்ததால் கை ஆடவில்லை. முதலில் இடது கை: தட்டத் தொடங்கி ஐந்தாறு வினாடியில் வலது இயக்கப் புறணியில் குறிகை (ஸ்கேன் பதியும் சிக்னல்) ஏறி, ஓய்வில் இறங்கியது. பாடப்புத்தகப் படம். பிறகு வலது கை. தாளம் தவறாமல் தட்டினார்; எண்ணிக்கை இடது கைக்குச் சமம். ஆனால் கணினி தந்த வண்ணப் படத்தில் இடது இயக்கப் புறணி வெறுமையாக இருந்தது. குறுக்குவெட்டில் தலைகீழ் ஒமேகா எழுத்துபோல் தெரியும் கைமேட்டில் ஒரு புள்ளி நிறம்கூட இல்லை. மாறாக, வலது கையின் அசைவுக்கு வலது அரைக்கோளத்தில் சிறு திட்டு ஒன்று மஞ்சளாகத் தெரிந்தது.

அறிக்கையில் இப்படி எழுதப்பட்டிருந்தது: 'இடது இயக்கப் பகுதி செயலற்றுள்ளது. வலது அரைக்கோளம் பணியை ஏற்றுக்கொண்டுள்ளது.'

படிக்க அழகான வாக்கியம். மூளை தன்னைத் தானே சீரமைத்துக்கொள்கிறது என்ற கதையைக் கேட்க எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் இடது இயக்கப் புறணி உண்மையிலேயே செயலற்றிருந்தால் வலது கை 40 தட்டு தட்டியது எப்படி? வலது அரைக்கோளத்திலிருந்து அதே பக்கக் கைக்குப் போகும் பாதை மெலிந்தது; தனித்தனி விரலை அந்த வேகத்தில் ஆட்ட அதனால் முடியாது.

வண்ணப் படத்தை ஒதுக்கிவிட்டு, கைமேட்டின் குறிகையைக் காலவரிசையாகப் பார்த்தோம். அது வெறுமையாக இல்லை. தட்டத் தொடங்கியதும் குறிகை கீழே இறங்கியது. ஓய்வு தொடங்கி வெகுநேரம் கழித்து மெல்ல ஏறி, அடுத்த சுற்று தொடங்கும்போது மறுபடி இறங்கியது. அசைவோடு ஒட்டிய மாற்றம்தான், தலைகீழாகவும் தாமதமாகவும் இருந்தது. கணினியோ, ஐந்தாறு வினாடியில் ஏறுகிற அலையை மட்டும் தேடும்படி கட்டளையிடப்பட்டிருந்தது. அது கிடைக்காததால் நிறம் பூசவில்லை.

செயல்சார் எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களைப் பார்ப்பதில்லை. ரத்தத்தைப் பார்க்கிறது. வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று ராயும் ஷெரிங்டனும் 1890இல் விலங்குகளில் பார்த்து எழுதினார்கள். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் காந்தத்தன்மையை வைத்து அதைப் படமாக்கலாம் என்று சேஜி ஒகாவா 1990இல் காட்டினார். இயல்பான மூளையில் அணுக்கள் வேலை செய்யும்போது, அவை செலவழிக்கும் ஆக்சிஜனைவிட அதிக ஆக்சிஜனோடு ரத்தம் வந்து குவிகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்பட்டு அதன் விகிதம் குறைகிறது, குறிகை ஏறுகிறது. நாம் வண்ணமாகப் பார்ப்பது இந்தத் தாராளத்தை. இவருடைய இடது மூளையில் அந்தத் தாராளத்துக்கு வழியில்லை. நுண்தமனிகள் ஏற்கெனவே விரிந்து நிற்கின்றன. நரம்பணுவும் அதைச் சுற்றியுள்ள துணை அணுக்களும் 'இன்னும் விரி' என்று கேட்டாலும் விரிய இடமில்லை. அணுக்கள் வேலை செய்கின்றன, ஆக்சிஜனை எடுக்கின்றன, ஈடுகட்ட ரத்தம் வருவதில்லை. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் கூடுகிறது, குறிகை இறங்குகிறது.

இது ஊகம் மட்டும்தானா என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்தோம். ஒன்று எளிது: ஸ்கேனுக்குள் 15 வினாடி மூச்சை அடக்கச் சொன்னோம். மூச்சை அடக்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறி மூளை முழுக்க நுண்தமனிகள் விரியும்; விரலசைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலது அரைக்கோளத்தில் குறிகை ஏறியது. இடது நடு மூளைத் தமனியின் பரப்பில் ஏறவில்லை, கடைமடையில் சற்று இறங்கவும் செய்தது. மற்ற மதகுகள் புதிதாகத் திறந்ததும் அந்தப் பக்கம் தண்ணீர் திரும்பிவிட்டது என்பதன் அடையாளம் அது.

இரண்டாவது, ரத்தத்தை நம்பாத சோதனை. அதே விரல் தட்டலை இ.இ.ஜி.யோடு செய்தோம். கை ஓய்வாக இருக்கும்போது இயக்கப் புறணிக்கு மேலே வினாடிக்கு 8 முதல் 13 வரையான மியூ அலையும், 13 முதல் 30 வரையான பீட்டா அலையும் இருக்கும். கையை அசைக்கும்போது, அசைக்கத் தயாராகும்போதே, அவை அடங்கும். அசைவு முடிந்ததும் பீட்டா துள்ளி எழும். ஓர் அசைவுக்கு ஒரு வினாடிக்கும் மேல் முன்பாகவே மூளையில் மின்னழுத்தம் மெல்லச் சரியத் தொடங்குவதைக் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் ஃப்ரைபர்க்கில் பதிவு செய்து 1965இல் வெளியிட்டார்கள். இயக்கத்தை மின்சாரத்தில் படிக்கும் வழி அப்போதிருந்தே நன்றாகப் பழகியது. இவர் வலது கையைத் தட்டியபோது இடது பக்கத்தில் மியூவும் பீட்டாவும் அடங்கின. இன்னொரு பக்கத்தின் அளவுக்கு ஆழமாக இல்லை. முடிவில் எழும் பீட்டாத் துள்ளலும் சிறியதாக இருந்தது. ஆனால் அடங்கின, உரிய நேரத்திலேயே. எம்.ஆர்.ஐ. 'செயலற்றது' என்று சொன்ன இடம் மின்சாரத்தில் பேசிக்கொண்டிருந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன, பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ரத்தக்குறை காரணமாக அணுக்களின் வேலையே கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆழம் குறைந்த பீட்டா அடக்கத்தை அதனோடு சேர்க்கலாம். அதைவிடப் பெரியது, அணுக்களின் வேலைக்கும் ரத்தத்தின் பதிலுக்கும் இடையிலான முடிச்சு அவிழ்ந்துபோனது. முதலாவது நோயாளியின் கையில் தெரியும். இரண்டாவது படத்தில் மட்டும் தெரியும், ஆனால் படத்தில் முதலாவதைப்போலவே வேடம் போடும். வலது அரைக்கோளத்தின் மஞ்சள் திட்டு? இயல்பானவர்களிடமும் அசையும் கையின் பக்கத்திலேயே சிறிது செயல்பாடு உண்டு. இங்கே இடது பக்கத்தின் பெரிய விளக்கு அணைந்ததால் அந்தச் சிறு விளக்கு கண்ணில் பட்டிருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் மற்ற அரைக்கோளம் வேலையை ஏற்கிறது என்று காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நோயாளிகளின் தமனி எப்படி இருந்தது என்று இப்போது முதலில் தேடுகிறேன். கட்டி அறுவைக்கு முன் கைப்பகுதி எங்கே என்று குறிக்க இதே படத்தைத்தான் பயன்படுத்துகிறோம். வயதான, சர்க்கரை உள்ள, பீடி பிடித்த ஒருவரின் படத்தில் நிறமில்லாத இடத்தை 'வெட்டலாம்' என்று படிப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

கை விழாமல் ஏன் ஆடுகிறது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ரத்தம் குறையும்போது புறணியின் கட்டுப்பாடு தளர்ந்து கீழ்மட்டச் சுற்றுகள் தறிகெட்டு ஓடுகின்றன என்பது அதிகம் சொல்லப்படும் விளக்கம்.

சிகிச்சைப் பேச்சில் மகன் முதலில் கேட்டது ஸ்டென்ட். "எங்க மாமாவுக்கு இதயத்துல வெச்சு நல்லா இருக்காருங்க. இங்கயும் ஒண்ணு வெச்சுடலாமுங்களே?" நியாயமான கேள்வி, அமெரிக்காவில் சாம்ப்ரிஸ் என்ற ஆய்வு அதையேதான் கேட்டது. 70 முதல் 99 சதவீதம்வரை குறுகிய மூளைத் தமனி உள்ள 451 பேர். பாதிப் பேருக்குத் தீவிர மருந்து மட்டும், மீதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட். முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் குழுவில் 14.7 சதவீதம், மருந்துக் குழுவில் 5.8 சதவீதம். 2011இல் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். இதயத் தமனியைப்போல மூளைத் தமனிக்கு வெளித்தாங்கல் கிடையாது. அதன் சுவரிலிருந்து பிரியும் மயிர்க்கிளைகள் ஆழமான பகுதிகளுக்குப் போகின்றன. ஸ்டென்ட் கொழுப்பை ஒதுக்கும்போது அந்தக் கிளைகளின் வாய் அடைபடலாம். தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு இணைக்கும் அறுவையை யாசர்கில் 1967இல் சூரிக்கில் செய்தார். 1,377 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 1985இல் அது பக்கவாதத்தைக் குறைக்கவில்லை என்று சொன்னது. மருந்துக்கு அடங்காமல் போனால் பார்க்கலாம் என்று அதைத் தள்ளிவைத்தோம்.

தாம்சுலோசினை நிறுத்தினோம். ஆம்லோடிபினையும் நிறுத்தி, டெல்மிசார்ட்டனை மட்டும் குறைந்த அளவில் வைத்தோம். ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரெலும் சேர்த்து 90 நாள், பிறகு ஆஸ்பிரின் மட்டும். கொழுப்பைக் குறைக்க ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. வலிப்பு மாத்திரைகளைப் படிப்படியாக இறக்கினோம். பீடி நின்றது. ஒரு வாரம் மறுபடி தொடங்கியது, மனைவி மூலமாகத் தெரிந்தது, மறுபடி நின்றது.

ரத்த அழுத்தத்தில் எனக்கும் சக மருத்துவர் ஒருவருக்கும் வாக்குவாதம். தமனி குறுகியவர்களுக்கு அழுத்தத்தை உயர்த்தியே வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நீண்ட காலத்துக்கு அது தவறு. மூளைத் தமனி குறுகியவர்களிலும் அழுத்தம் கூடக்கூடப் பக்கவாதம் கூடுகிறது. ஆனால் நின்றால் கை ஆடுகிற ஒருவருக்கு இன்றே 130க்கு இறக்குவதும் தவறு. ஆட்டம் நின்று, பக்கவழி ரத்தக்குழாய்கள் தேறும்வரை விட்டுப்பிடித்து, பிறகு வாரக்கணக்கில் மெல்ல இறக்குவது என்று முடிவானது. உட்கார்ந்து எடுத்த அளவை நம்பாமல், நின்று எடுத்த அளவை வைத்து.

கை ஆட்டம் ஆறாவது நாள் நின்றது. அதற்குள் மாறியது மூன்று மாத்திரைகள். தமனியில் எந்த மாற்றமும் வந்திருக்காது.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் குறுகல் கிட்டத்தட்ட அப்படியே. கெட்ட கொழுப்பு 148இலிருந்து 62. செயல்சார் எம்.ஆர்.ஐ.யில் வலது கை அசைவுக்கு இடது கைமேட்டில் குறிகை இப்போது மேல்நோக்கி ஏறியது. வலது பக்கத்தைவிடச் சிறியது, உச்சம் மூன்று வினாடி தாமதம். பக்கவழிகள் வளர்ந்தனவா, அழுத்தம் சீரானதா, பெனிடாயின் நின்றதா, எது எவ்வளவு காரணம் என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரிக்க முடியாது. இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே நேரத்தில் எடுக்கப்படவில்லை என்பதும் இந்த ஆய்வின் குறை. பழைய அறிக்கையைத் திருத்தச் சொல்லி ரேடியாலஜிஸ்ட்டிடம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சொல்லை மாற்றினார்: 'செயலற்றுள்ளது' இருந்த இடத்தில் 'ரத்தப் பதில் தலைகீழாக உள்ளது'.

போன வாரம் வந்திருந்தார். வீட்டில் எடுத்த ரத்த அழுத்தத்தை எழுதி வரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தது கடையின் அளவு நோட்டு. ஒரு பக்கத்தில் யாருடைய ரவிக்கைக்கோ உடம்பு 36, கை 11, கழுத்து ஆழம் 7. அதற்குக் கீழே, அந்த அம்மாவின் கையெழுத்தில்: 'காலை, நின்னு 2 நிமிசம், 128/76. கை ஆடலை.'